கல்லுக்கடைக்கு எது வாசல்

கல்லுக்கடைக்கு எது முன்பக்கம் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்வார்கள். யோசித்துவிட்டுத் தப்பாகச் சொல்வார்கள். நான் கொழுந்து லோரி ஓட்டுகிறவன். தினமும் அந்த வீட்டைத் தாண்டித்தான் தொழிற்சாலைக்குப் போகிறேன். எனக்கே குழப்பம் என்றால், ரிங்லெட் டவுனிலிருந்து விலாசம் கேட்டு வருகிறவன் என்ன செய்வான், பாவம்.

வீட்டின் மேல் குற்றமில்லை. கட்டியவர் தெளிவாகத்தான் கட்டினார். தோட்டம் திறந்த காலத்துத் துரை அவர். ஆற்றங்கரைப் பாறையை உடைத்துக் கருங்கல்லாகத் தூக்கிவரச் செய்து, முன்னால் கடை, பின்னால் குடியிருப்பு என்று ஒரே தகரக் கூரைக்குள் அமைத்தார். சுவரின் கனம் சன்னலில் கையை நீட்டினால் தெரியும். முழங்கை வரை உள்ளே போனாலும் விரல் வெளிக்காற்றைத் தொடாது. முன்பக்கம் ஒரு வளைவு. ஆப்பு ஆப்பாகச் செதுக்கிய கல் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, நடுவில் ஒரு பெரிய கல்லில் வந்து முட்டி நிற்கும். அதற்குக் கீழே பலகைகளைச் செருகக் காடி வெட்டியிருப்பார்கள். எந்தப் பலகை எதற்கு அடுத்தது என்று தெரிய ஒவ்வொன்றிலும் கத்தியால் வெட்டு. காலையில் பலகைகளை உருவினால் கடை. மாலையில் செருகினால் வீடு. கடைக்கும் வீட்டுக்கும் நடுச் சுவரில் குளிர்காயும் கணப்பு. ஒரே புகைக்கூண்டு பக்கச் சுவரில் ஏறிப் போகும். கணப்புக்கு இந்தப் பக்கம் ஒரு வாய், அந்தப் பக்கம் ஒரு வாய். கடைக்கு வந்தவனும் குளிர்காயலாம், வீட்டில் இருப்பவளும் குளிர்காயலாம். கடைசியில் அடுப்பங்கரை. அதன் பின்சுவர் மலைச் சரிவைப் பார்த்து மொட்டையாக நிற்கும், ஒரு சின்ன சன்னலோடு.

அந்த வளைவுக்கு எதிரேதான் அந்தக் காலத்தில் ரோடு போயிற்று. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களும் அதற்குக் கீழேதான் இருந்தன. காலையில் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கல்லுக்கடையில் ரொட்டியும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு போவார்கள். அணைக்கட்டு வேலை வந்தது. பெரிய லோரிகள் ஏற வேண்டும் என்று வீட்டுக்குப் பின்னால், சரிவில் புது ரோடு வெட்டித் தாரும் ஊற்றிவிட்டார்கள். கொஞ்ச காலத்தில் புது லயமும் அந்த ரோட்டுக்கு மேலேயே வந்தது. சனம் எல்லாம் மேலே போய்விட்டது. பழைய ரோட்டில் லாலாங் புல் முளைத்தது. இடுகாட்டுக்குப் போகிறவர்கள் மட்டும் அந்த வழியாகப் போனார்கள். வீடு என்ன செய்யும்? எழுந்து திரும்பி உட்கார முடியுமா? ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

கடைக்காரர் சின்னையாவும் திரும்பி உட்காரவில்லை. காலையில் பலகைகளை உருவி, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, புல்லையும் மழையையும் பார்த்துக்கொண்டிருப்பார். வியாபாரம் நடந்ததெல்லாம் அடுப்பங்கரைச் சன்னலில். அதை நடத்தியது அவர் மனைவி வேலாயி. நான் லோரியைச் சன்னலோரம் நிறுத்தி ஹாரன் அடிப்பேன்.

"அக்கா, ஒரு பாக்கெட் சிகரெட்டு!"

அக்கா எடுக்கப் போவதற்குள் முன்பக்கத்திலிருந்து குரல் வரும்.

"யாரது? சுத்தி வரச் சொல்லு!"

"மழை கொட்டுதுங்க" என்பாள் வேலாயி.

"மழைன்னா என்ன, சர்க்கரையா கரைஞ்சிருவான்? கடைக்கு வந்தவன் கடைவாசல்ல வரணும்."

"மாமா, நடுரோட்டுல லோரிய நிறுத்திட்டு எப்படிலா சுத்தி வர்றது?" என்று நான் கத்துவேன்.

"அப்ப சிகரெட்டுக் குடிக்காத!"

அக்கா சத்தம் போடாமல் சன்னல் வழியாக நீட்டிவிடுவாள். காசை முந்தானையில் முடிந்துகொண்டு, பிறகு அவருக்குத் தெரியாமல் கல்லாவில் போடுவாள். அவருக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பார். இப்படியே வருஷக்கணக்கில் ஓடியது. ஆனால் எல்லோரும் என்னைப் போல ஹாரன் அடித்துக் காத்திருப்பார்களா? ரிங்லெட் சீனக் கடை முதலாளி, தவுக்கே ஒருவர் வேன் நிறையச் சாமான் ஏற்றிக்கொண்டு புது லயத்து வாசலுக்கே வந்தார். நெத்திலி, சார்டின் டின், கெட்டிப்பால், முட்டைக்கோஸ், எல்லாம் வீட்டு வாசலில். கல்லுக்கடையில் டின்கள் மீது தூசி படிந்தது.

மகன் தங்கராஜுவுக்கு முப்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. பெண் வீட்டார் வந்து வாசல் தெரியாமல் திரும்பிப் போய்விடுகிறார்கள் என்று நாங்கள் கேலி செய்வோம். நல்ல பையன், அதிகம் பேச மாட்டான். அவனிடம்தான் தோட்டத்து ஆபீஸில் எழுதும் கிராணி வந்து சொன்னார். புதுத் துரை காரில் போகும்போது கல்வீட்டைப் பார்த்து, "இதில் கடை எங்கே?" என்று கேட்டாராம். அந்தப் பக்கம் என்றார்களாம். சிரித்தாராம். தைப்பூசத்துக்குள் கடை புது ரோட்டைப் பார்த்துத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டடத்தை உர ஸ்டோராக மாற்றிவிடுவோம், குடும்பத்துக்கு லயத்தில் ஒரு வீடு தருகிறோம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

தங்கராஜு அப்பாவிடம் போய் நின்றான்.

"அடுப்பங்கரைச் சுவர ஒடைச்சு அந்தப் பக்கம் வாசல் வைக்கணும்பா. இல்லன்னா கடையும் போச்சு, வீடும் போச்சு."

சின்னையா மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சொல்லுங்கப்பா."

"ஒடைக்கிறதுன்னா ஒடை. என்னையக் கேக்காத."

இது சம்மதமா, கோபமா? தங்கராஜு அம்மாவிடம் கேட்டான். அம்மாவுக்கும் தெரியவில்லை. என்னிடம் கேட்டான். அவன் அப்பா மனசில் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்?

தீபாவளி கழிந்து, மழை விடாத ஒரு வாரத்தில் கொத்தனார் அமல்தாஸ் வந்தார். ரிங்லெட்காரர், மாதா கோயில் மதில் கட்டியவர். கடப்பாரை, சம்மட்டி, உளி, முட்டுக்கொடுக்கப் பழைய பாலத்துக் கட்டை எல்லாம் என் லோரியில்தான் வந்து இறங்கின. வந்த முதல் நாள் சிரித்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தவர், மறுநாள் சிரிக்கவில்லை.

"என்னா தம்பி, இன்னுமா பேரல?" என்று வேலாயி தேத்தண்ணியை நீட்டினாள்.

"அக்கா, இது சுவரா, கோட்டையா? வெளிய ஒரு வரிச கல்லு, உள்ள ஒரு வரிச கல்லு, நடுவுல சரளையும் சுண்ணாம்பும். ஒண்ண உருவுனா இன்னொண்ணு வந்து அந்த எடத்துல ஒக்காந்துக்குது. கட்டுனவன் என்னைய மாதிரி ஒரு ஆளு வருவான்னு நெனச்சே கட்டியிருக்கான்."

"மெதுவாவே ஒடை. ஒண்ணும் அவசரமில்ல."

"அவசரமில்லையா? ஒங்க மகன் ராசு தைப்பூசத்துக்குள்ளங்கிறான்."

"அவன் அப்படிச் சொல்லுவான். நீ மெதுவா ஒடை."

"யாரு சொல்றதக்கா கேக்குறது?"

"எனக்கென்னா தெரியும்? தேத்தண்ணியக் குடி, ஆறுது."

ரசத்தில் சுண்ணாம்புத் தூசி விழுந்தது. கருவாடு பொரித்தால் அதிலும் நறநறவென்றது. உருவிய கற்களை அடுப்பங்கரைக்கு வெளியே அடுக்கினார்கள். சம்மட்டி விழும்போதெல்லாம் முன்பக்கம் கடைத்தட்டில் டின்கள் ஆடும். சின்னையா எழுந்து போய் அவற்றை நேராக வைத்துவிட்டு வந்து உட்காருவார். திரும்பி ஒரு தடவை பார்க்கவில்லை. இருமல் மட்டும் அதிகமாகியிருந்தது. குளிருக்கும் தூசிக்கும் எல்லோரும்தான் இருமினோம், யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

கட்டையை மேலே ஏற்றி, கடைசிக் கல்லை உருவி, வாசலளவுக்குச் சுவர் திறந்தது ஒரு காலையில். நான் கொழுந்துச் சாக்குகளோடு வந்துகொண்டிருந்தேன். பார்த்தால், ரோட்டிலிருந்தே வீட்டுக்குள் ஊடுருவித் தெரிகிறது. அடுப்பங்கரை, நடு அறை, கடை, அதற்கப்பால் அந்த வளைவு, அதற்கப்பால் மூடுபனி. வளைவுக்கு முன்னால் ஸ்டூலில் சின்னையா. வீட்டுக்குள் காற்று குப்பென்று ஓடியதால் அவர் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார். தன் வீட்டுக்குள்ளேயே என் லோரி போவது அவருக்குத் தெரிந்திருக்கும். நான் ஹாரன் அடித்தேன். அவர் கையை உயர்த்தினார். வா என்றாரா, போ என்றாரா, சுற்றி வா என்றாரா, இன்று வரை எனக்குத் தெரியாது.

பசியாற ரொட்டி எடுத்துக்கொண்டு வேலாயி முன்பக்கம் போனபோது அவர் கல்லாப்பெட்டி மேல் தலையைச் சாய்த்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துத் தட்டை வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்திருக்கிறது, பட்டப்பகலில் அவர் தூங்கி அவள் பார்த்ததே இல்லை.

தொழிற்சாலையில் கொழுந்தை இறக்கிக்கொண்டிருந்தவனுக்குச் செய்தி வந்து நான் ஓடியபோது, தங்கராஜு வெட்டிய சுவருக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

"நான் ஒடைச்சேன், அவரு போயிட்டாரு மாமா" என்றான். "அவரு பாக்குற மாதிரி ஒடைச்சிட்டேன்."

"அப்படியெல்லாம் இல்லடா. நெஞ்சுச் சளி."

"ஒடைன்னாரா, ஒடைக்காதன்னாரா? நீங்க சொல்லுங்க. ஒங்களுக்கு என்னா பட்டுச்சு?"

நான் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். அந்தப் பிள்ளையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மத்தியானத்துக்குள் லயத்துச் சனம் நிறைந்துவிட்டது. அவர்களும் குழம்பித்தான் வந்தார்கள். பாதிப் பேர் உடைத்த சுவர் வழியாக அடுப்பங்கரைக்குள் நுழைந்து, எழவுக்கு வந்த இடத்தில் சட்டிபானையைப் பார்த்துத் திகைத்தார்கள். பாதிப் பேர் புல்லில் வழுக்கிக்கொண்டு வளைவுக்குச் சுற்றி வந்தார்கள். கடையின் நடுவில் பலகைகள் மேல் அவரைக் கிடத்தியிருந்தார்கள். அவர் தினமும் உருவிச் செருகிய அதே பலகைகள்தான். லயத்து மணியம்மா ஒப்பாரியை ஆரம்பித்தாள். அந்த நேரத்தில்தான் இருளப்பன் பஞ்சாங்கத்தோடு வந்தார். அவர் தொழிற்சாலையில் கொழுந்து காயப்போடுகிறவர். எங்கள் முனியாண்டி கோயில் பூசாரியும் அவரே. விரலை வைத்துப் பார்த்தார், இன்னொரு தடவை பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ராசு, அவிட்டம்டா."

"அவிட்டம்னா என்னா சித்தப்பா?"

"அடைப்பு."

மணியம்மாவின் ஒப்பாரி பாதியில் நின்றது. "அய்யய்யோ! ஆறு மாசம் வீட்ட அடைக்கணுமே!"

அடைப்பு நட்சத்திரத்தில் போனவர் போன வாசல் வழியாகவே திரும்பி வருவார், வந்து இருப்பவர்களையும் கூப்பிடுவார் என்பது எங்களவர்களின் பயம். அதனால் வாசல் வழியாகப் பிணத்தை எடுத்தால் வீட்டை ஆறு மாதம் பூட்டிப்போட வேண்டும். அப்படிப் பூட்ட முடியாதவர்கள் சுவரைத் திறந்து அந்த ஓட்டை வழியாக எடுத்துவிட்டு, விளக்கு வைப்பதற்குள் அதை அடைத்துவிடுவார்கள். போனவர் திரும்பி வந்தாலும் வழி இருக்காது. லயத்தில் இது பெரிய காரியமில்லை. பலகைச் சுவர்தானே, இரண்டு பலகையைப் பேர்த்து எடுத்துவிட்டுச் சாயங்காலமே திரும்ப ஆணி அடித்துவிடுவார்கள். கல்லுக்கடையில் யாரும் செத்ததே இல்லை. கல் சுவருக்கு என்ன வழி என்று யாருக்கும் தெரியவில்லை.

"பூட்டிட்டுப் போனா தைப்பூசத்துக்கு எப்படித் தெறக்குறது?" என்றான் தங்கராஜு. "தொர உர மூட்டைய எறக்கிருவாரு சித்தப்பா. அப்பறம் எங்க கடை, எங்க வீடு?"

"பூட்ட வேணாம்டா. சாமியே வழி காட்டியிருக்கு பாரு. அதான் சுவரு ஒடைஞ்சிருக்கே. அது வழியா எடுத்துருவோம்."

எல்லோரும் மூச்சு விட்டோம். இருளப்பன் விட்டாரா? தொடர்ந்தார்.

"ஆனா சாயங்காலத்துக்குள்ள அத அடைச்சிரணும்."

"அடைச்சிட்டு?"

"அடைச்சிட்டு என்னா? அவ்வளவுதான். அது போனவரு வழி. மறுபடி அந்த எடத்துல கை வைக்கக் கூடாது."

அமல்தாஸ் மூலையில் நின்றவர் முன்னால் வந்தார். "இருங்க, இருங்க. இத்தன நாளு ஒடைச்சத நானே அடைக்கணுமா? அப்பறம் கடைக்கு வாசல் எங்க வைக்கிறது?"

"வேற எடத்துல ஒடை."

"எங்க ஒடைக்க? ஒரு பக்கச் சுவருல பொகைக்கூண்டு ஏறி நிக்குது, தொட்டா கூரையோட வந்துரும். இன்னொரு பக்கம் பள்ளம். ரோட்டப் பாத்து இருக்குறது அந்த ஒரு சுவருதாண்ணே."

"அப்ப பொணத்துக்கு வேற ஓட்டை போடு."

"போடுறேன், நல்லா போடுறேன். அடுத்த வாரம் முடியும். அது வரைக்கும் அண்ணன இங்கேயே வச்சிருப்பீங்களா?"

"ஒனக்கு இதெல்லாம் வெளையாட்டா இருக்கு. நீ மாதா கோயிலுக்குப் போற வேதக்காரன்."

"எனக்கு அழுகையா வருதுண்ணே. நீங்க ஓட்டைங்கிறது எது, வாசல்ங்கிறது எதுன்னு சொல்லுங்க, நான் கட்டுறேன். ஒரே எடத்த ரெண்டாவும் இருக்கச் சொன்னா கல்லு கேக்குமா?"

தங்கராஜு எழுந்தான். "ஒண்ணும் வேணாம் சித்தப்பா. அப்பா ஒக்காந்த வாசல் வழியாவே எடுப்போம். பூட்டவும் வேணாம், அடைக்கவும் வேணாம். வந்தா என்னையக் கூட்டிட்டுப் போகட்டும்."

"வாயக் கழுவு!" என்று மணியம்மா சீறினாள். "நீ போயிருவ. ஒங்கம்மா? சரி, அத விடு. அடைப்பு வீட்டுல நாளைக்கு நீ கடை தொறந்தா எந்தப் பொம்பள படியேறுவா? நானே ஏற மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். பிள்ளைகுட்டிக்காரி."

அவள் சொன்னதும் வாஸ்தவம். சனம் வராத கடையைத் திறந்தால் என்ன, பூட்டினால் என்ன? வாசல் வழியாக எடுத்தால் கடை போயிற்று. ஓட்டை வழியாக எடுத்தாலும் கடை போயிற்று. வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஆளுக்கொன்று பேசினார்கள். எனக்குத் தலை சுற்றியது. ஒரு மனுசன் செத்துக் கிடக்கிறான், அவனை எந்தப் பக்கம் தூக்குவது என்று தெரியாமல் இத்தனை பேர் நிற்கிறோமே!

வேலாயி அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இருளா" என்றாள்.

"சொல்லுங்க மதினி."

"வாசல்னா என்னா?"

"என்னா மதினி இப்படிக் கேட்டா? வீட்டுக்குள்ள வர்ற எடம்."

"யாரு வர்ற எடம்?"

"சனம் வர்ற எடம். ஒறவு, ஊரு, லெச்சுமி..."

"அந்த வளைவு வழியா யாரு வந்தா? இத்தன வருசத்துல நீ வந்தியா? மணியம்மா, நீ வந்தியா? இந்தா நிக்கிற லோரிக்காரக் கருப்பன் வந்தானா? எல்லாரும் அடுப்பங்கரைச் சன்னல்லதான வந்தீங்க? நான் அங்கதான யாவாரம் பண்ணேன்? இந்த வீட்டுல அரிசி வெந்தது அந்தச் சன்னல்ல வந்த காசு. ஒறவு வந்தாலும் அங்க நின்னுதான் கூப்புட்டுச்சு. வாசல் எப்பவோ அந்தப் பக்கம் போயிருச்சு. இன்னிக்கு ஒடைச்சது வாசல்தான். அது வழியா எடுக்கக் கூடாது."

"அப்ப... இந்த வளைவு?"

வேலாயி கணவரின் முகத்தைப் பார்த்தாள். போர்த்தியிருந்த துணியை அவர் காது வரைக்கும் இழுத்துவிட்டாள், அவர் கேட்டுவிடுவாரோ என்பதைப் போல.

"அது ஓட்டை" என்றாள். "ஒரு மனுசன் ஒக்காந்து மழையப் பாத்த ஓட்டை. அது வழியா எடுங்க. எடுத்துட்டு, அந்தப் பக்கம் உருவுன கல்லு கெடக்குதே, அதப் போட்டு அடைச்சிருங்க."

சொல்லி முடித்ததும் அவள் உடைந்துபோனாள். தரையில் அறைந்துகொண்டு, "என்னைய மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க" என்று அழுதாள். அவர் உயிரோடு இருக்கும்போது யாராவது அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் கடைக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார். அவரைக் கட்டி இத்தனை வருஷம் வாழ்ந்தவள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள். வீட்டைக் காப்பாற்ற வேறு வழியில்லை. எனக்கும் கண் கலங்கியது, சொல்வதற்கென்ன.

இருளப்பன் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார்.

"என்னாலா, என்னா போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

"ரோடு மாறுன வீட்டுக்கு இதுல ஒண்ணும் போடல" என்றார் பாவமாக. "மதினி சொல்றது சரின்னும் படுது. தப்புன்னும் படுது. இடுகாட்டுக்கும் அந்தப் பக்கந்தான் வழி... அமலு, கல்லு பத்துமா?"

அமல்தாஸ் ஓடிப்போய் வளைவைக் கையால் அளந்தார், பின்பக்கம் ஓடி அளந்தார். "பத்தும்ணே. இப்பதைக்கு ஒத்த வரிசையா அடுக்கிர்றேன். ரெண்டாவது வரிசைய அப்பறம் பாத்துக்கலாம். மண்ணுல கொஞ்சம் சிமெண்டு கலந்தா இந்த ஈரத்துல நிக்கும்."

மழை கொஞ்சம் விட்டபோது தூக்கினோம். கால் முன்னே போக வளைவுக்குக் கீழே அவர் போனார். தேய்ந்த படிகளில் எனக்கு வழுக்கியது, பாடையின் ஒரு மூலை என் தோளில்தான் இருந்தது. பழைய ரோட்டில் லாலாங் முட்டி வரை நனைத்தது. ரோடு எது, சரிவு எது என்று தெரியவில்லை. இருளப்பன் முன்னால் போய் காலால் தடவித் தடவி வழி சொன்னார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்றார். பார்க்காமலே எங்களுக்குக் கேட்டது. எங்களுக்குப் பின்னால் கல்லோடு கல் உரசும் சத்தம்.

புதைத்து, ஆற்றில் தலை முழுகி, நடுங்கிக்கொண்டு திரும்பினோம். பழக்கத்தில் எல்லோரும் பழைய ரோட்டோடு வளைவுக்கே வந்து நின்றோம். அங்கே சுவர். ஈரமான புதுச் சாந்து. தங்கராஜு அந்தக் கல்லில் கையை வைத்துப் பார்த்தான். சுற்றிக்கொண்டு புது ரோட்டுப் பக்கம் ஏறி, உடைத்த சுவர் வழியாக உள்ளே போனோம். வேலாயி விளக்கு ஏற்றிவைத்திருந்தாள். அமல்தாஸும் கூட வந்த ஆட்களும் முன்பக்கம் கையைக் கழுவிக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு கல்லையும் அடுப்பங்கரையிலிருந்து வீடு முழுக்கத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், தரையெல்லாம் சேறு.

இருளப்பன் சுவரைப் பார்த்தார். வளைவின் நடுக்கல்லுக்கு நேர் கீழே ஒரு கல் அளவுக்கு இடம் விட்டிருந்தது. சாயங்கால வெளிச்சம் அந்த அளவுக்கு உள்ளே வந்தது.

"என்னா அமலு, பத்தலையா?"

"பத்துச்சுண்ணே. அந்தா கெடக்கு பாருங்க கடைசிக் கல்லு. வைக்கப் போனேன். அக்கா கையப் புடிச்சுட்டாங்க."

இருளப்பன் அவளிடம் போனார். "மதினி, இது சரிவராது. ஒரு கல்லு எடமா இருந்தாலும் வழி வழிதான். வந்துருவாரு."

"வரக் கூடாதுதான்."

"அப்ப வைக்கச் சொல்லுங்க, இருட்டுது."

"வையின்னும் வாய் வரல, வேணாம்னும் வாய் வரல இருளா. எனக்கு ஒண்ணும் புரியல. அவரு வந்துரவும் கூடாது. வந்தா, பழக்கத்துல இங்கதான வருவாரு? வந்து சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கவும் கூடாது. நான் என்னா செய்ய, நீயே சொல்லு."

 தங்கராஜு குனிந்து அந்தக் கல்லை எடுத்து, வைக்கப் போகிறான் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, கடைத்தட்டில் டின்களுக்குப் பக்கத்தில் வைத்தான். மணியம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு முக்காட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தைப்பூசத்துக்கு முன்பே கடை புது ரோட்டைப் பார்த்துத் திறந்தது. அடுப்பங்கரை கடையாகவும், பழைய கடை அடுப்பங்கரையாகவும் ஆயின. காடி வெட்டிப் பழைய பலகைகளையே செருகினார்கள். துரை காரை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார். முதலில் படியேறியது யார் என்கிறீர்கள்? மணியம்மாதான். அந்தக் கல் தட்டிலேயே இருந்தது, அமல்தாஸ் இரண்டாவது வரிசை கட்ட வரவேயில்லை.

ஒரு நாள் நல்ல மழை. நான் லோரியை நிறுத்தி, இறங்காமலே, "ராசு, ஒரு பாக்கெட் சிகரெட்டு!" என்று கத்தினேன். தங்கராஜு எடுக்கப் போனான். உள்ளேயிருந்து வேலாயியின் குரல் வந்தது.

"யாரது? சுத்தி வரச் சொல்லு!"

தங்கராஜு என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். விளையாட்டா, மறதியா, வேறு ஏதாவதா, எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவன் சிகரெட்டை நீட்டவில்லை.

நான் லோரியை நடுரோட்டில் விட்டுவிட்டு இறங்கினேன். எல்லோரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே சேற்றில் சுற்றி, லாலாங் புல்லை விலக்கி, வளைவுக்குக் கீழே போய் நின்றேன்.

"அக்கா, ஒரு பாக்கெட் சிகரெட்டு."

உள்ளே ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. மேலே அந்த ஓட்டை வழியாக ஒரு கை, பாக்கெட்டோடு வெளியே வந்தது.

"நனைஞ்சிட்டியா கருப்பா?"

"ஆமாக்கா. நல்லா நனைஞ்சிட்டேன்."

"மழைன்னா என்ன, சர்க்கரையா கரைஞ்சிருவே?" என்றாள்.